வலஞ்சுழி

மைனஸ் பதினேழு.
டிராமை விட்டு இறங்கும்போதே ஒரு கையுறையைக் காணவில்லை.
வலதுகை. எப்போதும் வலதுகைதான் தொலையும்,
சீட்டெடுக்க அதைத்தானே கழற்றுகிறோம்.

ரீகாவில் பற்பசை செய்யும் ஆலையில்
என் மூக்குக்குச் சம்பளம்.
பத்தொன்பது வருடமாகப்
புதினா முகர்ந்து கையெழுத்துப் போடுகிறேன்.
வீட்டில் பூண்டு வதக்குவதில்லை,
கழுத்தில் வாசனை பூசுவதில்லை.
சளி பிடித்தால் விடுப்பு.
மருத்துவச் சீட்டு வேண்டாம், தொலைபேசியில் என் குரலே போதும்.

காலையில் புதிய பீப்பாய் வந்திருந்தது.
மோத்ரிஸ் மூடியைத் திருகி
காகிதக் கீற்றை நனைத்து நீட்டினான்.
முகர்ந்தேன்.
ரொட்டி.

சந்தை மூலையில் பாளம் பாளமாய் வெட்டிவைத்த
ரை மாவுக் கருப்பு ரொட்டி,
அதன் மேலோட்டில்
பல்லிடுக்கில் சிக்கும் சீமைச்சோம்பு.
எனக்கு முன்னால் வயிற்றுக்குப் புரிந்துவிட்டது.
பசித்தது.

"இது புதினா இல்லை" என்றேன்.
குன்வால்திஸ் இயந்திரம் துப்பிய தாளை நீட்டினார்.
கார்வோன், தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று.
பத்துக் கார்பன், பதினான்கு ஹைட்ரஜன், ஓர் ஆக்சிஜன்.
எடை சரி. கொதிநிலை சரி.
வரைபடத்தில் ஒரே சிகரம், ஊசிபோல.
"மூக்கடைப்பா வெல்கா?"
பின்னால் யாரோ சிரித்தார்கள்.

அவர் சொன்னதில் பொய்யில்லை.
இயந்திரத்துக்கு எண்ணத் தெரியும்.
எத்தனை விரல் என்றால் ஐந்து என்னும்.
எந்தக் கை என்று
அதனிடம் யாரும் கேட்கவில்லை.

எஞ்சிய இடக்கை உறையை எடுத்து
அவர் மேசையில் வைத்தேன்.
"வலது கையில் போடுங்கள்."
போட்டார்.
பூவேலை உள்ளங்கைக்குப் போனது,
கட்டைவிரலைப் புறங்கைப் பக்கம் பிடித்து இழுத்தது கம்பளி.
அதே நூல், அதே கண்ணி, அதே எடை.

மூக்குக்குள் இருப்பதும் கையுறைகள்தான், என்றேன்.
எந்தக் கை நுழைகிறது என்று பார்த்துத்தான் பெயர் சொல்லும்.
கார்வோன் ஒன்றுதான்.
கண்ணாடிக்கு இப்பால் நின்றால் புதினா,
அப்பால் நின்றால் சீமைச்சோம்பு.
செடிக்குச் செடி கைப்பழக்கம் வேறு.
இது விகடகவி இல்லை ஐயா,
திருப்பி வாசித்தால் வேறு சொல்.

கிடங்கு அலமாரியின் அடித்தட்டில்
சோவியத் காலத்துக் குழாய்க்கருவி ஒன்று கிடந்தது,
ரஷ்ய எழுத்தும் எலிப்புழுக்கையுமாய்.
துடைத்தோம்.
மஞ்சள் விளக்கு; ஒரே தளத்தில் சீவிய ஒளி.
புதினாவென்றால் இடப்பக்கம் திரும்பியாக வேண்டும்.
குன்வால்திஸ் ஒரு கண்ணை இறுக மூடி
குமிழை இடமாய்த் திருகினார். திருகினார்.
இருட்டவில்லை.
பிறகு மெதுவாக வலமாய்,
அறுபது பாகைக்குச் சற்று முன்னே
வட்டம் முழுதும் இருண்டது.

"வலஞ்சுழி" என்றார்,
பாதிரியாரிடம் பாவம் சொல்லும் குரலில்.

பெயர்ச்சீட்டுகள் மாறியிருக்க வேண்டும்.
எங்கோ ஒரு சாராய ஆலையில்
சீமைச்சோம்புக்குக் காத்திருந்த கொப்பரை முன்னே
பற்பசை வாசம் வந்து நின்றிருக்கும்.
அங்கேயும் எவளுக்கோ மூக்கில் வியர்த்திருக்கும்.
அவளை யாராவது நம்பினார்களா, தெரியாது.

திரும்பும்போது குளிர் இன்னும் ஏறியிருந்தது.
இந்த ஊர்க் கல்லூரியில்தான்
நூறு வருடத்துக்கும் முன்னால்
ஆப்பிளின் புளிப்பு அமிலத்தை ஒருவர்
காற்றில் மடங்கிய குடைபோலப் புரட்டி
மறுகையாக்கினாராம்.
பள்ளியில் படித்தது, தேர்வோடு மறந்தது.
நிறுத்தத்தில் நின்றபடி
கையுறையை விரல் விரலாகப் புரட்டினேன்.
வலதுகைக்குக் கச்சிதம்.
பின்னியவள் உள்ளே ஒளித்த
முடிச்சும் தொங்கும் இழையும்
இப்போது ஊர் பார்க்க வெளியே.
இடதுகையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
இரண்டுக்கும் வழியில்லை.

வழியில் ஒரு கருப்பு ரொட்டி வாங்கினேன்.
டிராமில் எதிரே ஒரு பையன்,
புதினாச் சூயிங்கம் மென்றபடி,
என் கையையே பார்த்தான்.
"அக்கா, உள்பக்கம் வெளியே இருக்கு."

"தெரியும்" என்றேன்.
ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு
அவன் பக்கமாய் மூச்சை இழுத்தேன்.